வராத சாட்சி

காட்டுமன்னார்கோயிலில் ஏறிய டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். கீரப்பாளையம் தாண்டும்போது லுங்கி கட்டியவர் சொன்னார்:

"அன்னிக்கு எனக்குச் சாப்பாடு வாங்கிக் குடுத்ததே அவுருதான், மச்சான்."

"யாரு, நெலத்த எழுதித் தரமாட்டேங்கிறவரா?"

"ஆமா. அக்ரிமெண்ட்ல போட்டிருந்த கடைசி நாளு. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பாக்கிப் பணத்தோட குந்தியிருந்தேன். மத்தியானம் வந்தாரு. கையெழுத்துப் போட வேண்டிய தன் மவன் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் எழுதிக்கலாம்னாரு. இப்ப நான் அன்னிக்கு வரவேயில்லன்னு நோட்டீஸ் வுட்டிருக்காரு."

"பணத்தோட வந்துட்டேன்னு அங்கேர்ந்தே அவுருக்கு ஒரு தந்தி அடிச்சிருக்கலாம்ல?"

"எதுருல குந்தி சாப்புடுறவருக்கா தந்தி அடிப்பாங்க?"

"அட்வான்ஸத் திருப்பி வாங்கிட்டு வுட்டுடேன்."

"அக்ரிமெண்ட் போட்டதுமே நெலத்துல எறங்கி போர் போட்டுப் பயிரு வச்சிட்டேனே. கேஸ் போட்டா நெலத்தையே எழுதி வாங்கலாம்ங்கறாரு வக்கீலு. ஆனா எழுதிக்க நான் தயாரா இருந்தேன்னு காட்டணுமாம். சாட்சிக் கையெழுத்துக்கு ஒன்னத்தான் கூப்புட்டேன். நீ வரல."

மச்சான் அவர் பக்கம் திரும்பினார்.

"கேஸப் போடு. கோர்ட்டுக்கு நான் வர்றேன்."

"வந்து என்னான்னு சொல்லுவ?"

"பத்திரத்துல கையெழுத்துப் போடக் கூப்புட்டாரு, வர்றேன்னுட்டு நான்தான் போவலன்னு சொல்லுவேன்."