மை படாத விரல்

1991 தேர்தல் அன்று மத்தியானம். ஸ்ரீபெரும்புதூரில் மெட்ராஸ் பஸ்ஸில் ஏற வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பத்திரிகை நிருபர் கண்டக்டரிடம் செய்தி வைத்த கவரை நீட்டினார்.

"மெட்ராஸ்ல எங்க ஆபீஸ் ஆளு வந்து வாங்கிப்பான்ணே. ஓட்டுப்பதிவு அமைதியா முடிஞ்சுதுன்னு எழுதிட்டேன்."

வாக்குச் சாவடிகளில் கூட்டம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அந்த ஆளுக்கு வெட்கமே இல்லை.

படியில் கால் வைத்த ஒரு பெண் திரும்பினாள். ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னா அமைதி? பாரு, மை கீதா? லீவு போட்டுட்டு ஊருக்கு வந்தேன். எம்பேர்ல எவளோ ஓட்டு போட்டுட்டாளாம். பூத் ஆபீசரு வூட்டுக்குப் போன்னு தொரத்திட்டான். அத எழுது சார்."

"இந்த பஸ்ஸ வுட்டா நாளைக்கு பேப்பர்ல வராதும்மா. அங்க கலாட்டா எதுனா ஆச்சா?"

"இல்ல. அழுதுகினே வந்துட்டேன்."

"அப்ப அமைதிதானே?"

கண்டக்டர் சிரித்தார். கவரைப் பைக்குள் செருகிக்கொண்டு, "ஏறும்மா, டைம் ஆச்சு" என்றார்.

அவள் ஏறவில்லை. படியிலிருந்து காலை எடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நீ போண்ணே. நான் திரும்ப பூத்துக்குப் போறேன். சார், நீ இன்னொரு கவர் வாங்கி வெச்சுக்க."