கரப்பானுக்கு ஒரு பெட்டி

குறைந்த செலவில் நல்ல கணினி கட்ட முடியாது என்று சொல்கிறவர்களுக்குப் பட்டியல் போடத் தெரியவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியும். உங்கள் கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பாகங்களில் பாதியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நீங்கள்தான் எனக்குப் போன் செய்தீர்கள். வந்துவிட்டேன். எந்தப் பாகத்தை ஏன் எடுத்தேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். அந்த ஸ்க்ரூ டிரைவரை மட்டும் கீழே வையுங்கள். கையில் சுழற்றினால் எனக்குப் பேச்சு ஓடாது.

காலையில் பெட்டியை விற்கக் கொண்டுவந்தவள் என் தங்கை. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். விளையாட்டில் அவள் பெயர் கரப்பான். ஐந்து பேர் அணி, நாற்பது நிமிட ஆட்டம். எல்லோரும் செத்து விழுந்த பிறகு ஏதாவது ஒரு மூலையிலிருந்து இவள் மட்டும் எழுந்து வருவாள். பெயர் வைத்தது நான். ஆடச் சொல்லிக்கொடுத்ததும் நான். இரண்டு வருடம் ஒரே அறையில் இரண்டு பழைய கணினிகளை முதுகோடு முதுகாக வைத்து ஜோடியாக ஆடினோம். இரவுப் பணியை நான் விட்ட பிறகு வீட்டில் என்னிடம் யாராவது யோசனை கேட்டார்கள் என்றால் அது அந்த இரண்டு மேஜைகளுக்கு நடுவில்தான்.

வெளியூர் அணி ஒன்று ஆள் எடுத்தது. சம்பளம் உண்டு, தங்குமிடம் உண்டு. அவர்களுடைய மேனேஜர் கூப்பிட்டபோது போனை எடுத்தது நான்.

"கரப்பானோட அண்ணனா? அவங்ககிட்ட குடுங்க."

"நாங்க ரெண்டு பேரும் ஜோடியாத்தான் ஆடுவோம்" என்றேன்.

"பாத்தேன், பாத்தேன். நீங்களும் நல்லா..." வார்த்தைக்குக் கொஞ்சம் தேடினார். "நல்லா கூடவே இருக்கீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. மனிதர் பார்த்ததைச் சொன்னார். போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். அன்று ஏற்கெனவே தேய்த்திருந்தேன்.

தேர்வு மூன்று ஆட்டம். பழைய கணினியில் அந்த ஆட்டத்தின் புதிய பதிப்பு படம் படமாக நின்று நின்று ஓடும். புதிது வேண்டும். அவளிடம் சேமிப்பு கொஞ்சம் இருந்தது, மேஜையில் இடம் அதைவிடக் கொஞ்சம்தான் இருந்தது.

"அண்ணா, சின்னதா இருக்கணும், வெல கம்மியா இருக்கணும், ஆனா பறக்கணும். உனக்குத் தெரியாததா?" என்றாள்.

"நல்லதாப் பாத்துக் குடுடா. சும்மாதானே இருக்கே" என்றார் அம்மா.

இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். ப்ராசஸரில் பெருமைக்கு ஆசைப்படவில்லை, ஆறு கோர் போதும். மிச்சமானதைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டேன். ஒற்றை விசிறிக் கார்டு, நீளத்தை அளந்து வாங்கினேன். பெட்டிக்கும் அதற்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையும். ராம் இரண்டு குச்சியாக. ஒரே குச்சியாக வாங்குகிறவனை நான் மனிதனாக மதிப்பதில்லை. பவர் சப்ளையில் கஞ்சத்தனம் காட்டவில்லை. இதுவரை குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருக்காது. நீங்களே காலையில் அவளிடம் 'யாரு கட்டுனது, சுத்தமா இருக்கே' என்று கேட்டீர்களாம்.

கேபினெட்டில்தான் யோசித்தேன். ஒரே அளவில் இரண்டு இருந்தன. ஒன்றின் பக்கவாட்டில் வலை, காற்று நன்றாகப் போய்வரும். இன்னொன்றில் முழுத் தகடு. தகடு போட்டதன் நிறம் அவளுக்குப் பிடித்திருந்தது. "அழகா இருக்குல்ல?" என்றாள். அழகாகத்தான் இருந்தது. வாங்கினேன்.

வீட்டில் யாரும் இல்லாத மதிய நேரங்களில் நான்கு நாள் சோதித்துப் பார்த்தேன். கட்டிய கணினியை அப்படியே தூக்கிக் கொடுப்பது என் பழக்கமில்லை. சமையலறையிலிருந்து அலாரம் கடிகாரத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினேன். முதல் நாள் மூன்றாவது நிமிடத்திலேயே ப்ராசஸர் கொதித்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அது சரிப்படாது. அவ்வளவு சீக்கிரம் இழுத்தால் யாரும் பெட்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். விசிறி வேகத்தைக் கூட்டினேன், சூடு கடத்தும் பேஸ்டை மாற்றித் தடவினேன், கேபிளை நகர்த்திக் காற்றுக்கு வழி விட்டேன். ஏழு நிமிடம். பதினைந்து. நான்காம் நாள் இழுப்பு சரியாக இருபத்து நான்காவது நிமிடத்தில் வந்து நின்றது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் இருபத்து நான்கு. என் வேலையில் எனக்கு அவ்வளவு திருப்தி அதற்கு முன் வந்ததில்லை.

அவள் பயிற்சிக்கு ஆடுவது கால் மணி நேர ஆட்டங்கள். பெட்டி பறந்தது. மருந்துக்கடையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவாள். "அண்ணா, நீ தெய்வம்" என்றாள். முழு ஆட்டம் ஆடிய நாட்களில் மட்டும் கடைசியில் இழுத்தது.

"ஏதோ இழுக்குதுண்ணா."

"நெட்டு" என்றேன்.

அடுத்த தடவை, "நெட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"அப்டேட் வந்திருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான்."

மூன்றாவது தடவை அவள் கேட்கவே இல்லை. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அதை மெதுவாகத்தான் சொன்னேன். "கடைசி நேரத்துல உனக்குப் பதட்டம் வருது. கை ஒரு நொடி பிந்துது. பின்னாடி நின்னு பாக்குறவனுக்குத் தெரியும்." நம்பிவிட்டாள். அண்ணன் சொன்னால் நம்புகிறவள். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் கையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைப்பாள், கண்ணை மூடி மூச்சை எண்ணுவாள். தண்ணீர்ப் பாத்திரத்தை நான்தான் கொண்டுவந்து வைப்பேன். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

தேர்வின் மூன்று ஆட்டத்திலும் முதல் பாதியில் எல்லோரையும் துவம்சம் செய்தாள். மூன்றிலும் கடைசியில் மரம்போல நின்று செத்தாள். "ஆரம்பம் பிரமாதம்மா. முடிவுலதான் கை உதறுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இடத்த வெச்சிருக்கேன், இன்னொரு ஆட்டம் வேணா ஆடிப் பாருங்க" என்றார் மேனேஜர். நல்ல மனிதர். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் மாத்திரை எண்ணும்போதுகூடக் கை நடுங்குகிறதாம். நேற்று பெட்டியைத் துணியால் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டினாள்.

நான் பொறாமைப்பட்டேன் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. வெளியூரில், முன்பின் தெரியாதவர்களோடு, நிரந்தரமில்லாத வேலை. வீட்டில் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டாமா? யோசித்தேன். அவள் இங்கேயே இருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஜோடியாகவும் ஆடலாம்.

இப்போது நீங்கள் கண்டுபிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ப்ராசஸரைக் குளிரவைக்கும் கூலரின் அடியில், செம்புத் தகட்டின் மேல், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். மாட்டும் முன் உரித்துவிட வேண்டும். அதன் மேலேயே அப்படி எழுதியிருக்கும். உரிக்காவிட்டால் ப்ராசஸரின் சூடு கூலருக்குச் சரியாக ஏறாது. நான் உரிக்கவில்லை. வேறு வழிகளும் இருந்தன. விசிறியின் ஒயரைத் தளர்த்தலாம், பயாஸ் அமைப்புக்குள் போய் வேகத்தைப் பூட்டலாம். அதெல்லாம் செய்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். உறையை விட்டால் மறதி என்று ஆகிவிடும். முதல் தடவை கணினி கட்டுகிறவர்கள் செய்யும் தவறு என்று ஊருக்கே தெரியும், யாரும் மேலே ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியலில் நான் மிகவும் யோசித்து எடுத்த பாகம் அதுதான்.

எல்லாம் கணக்காகத்தான் நடந்தது, நீங்கள் போனில் சிரிக்கும்வரை. "அட, பரவால்ல தம்பி. புதுசா கட்டுறவங்க எல்லாரும் பண்றதுதான். கூச்சப்படாதீங்க, நான் உரிச்சு மாட்டித் தர்றேன். தங்கச்சிகிட்டயும் பக்குவமா சொல்லிடறேன்" என்றீர்கள்.

பதினொரு வருடமாகக் கணினி கட்டுகிறேன். சட்டையைக்கூட மாற்றாமல் வந்தேன்.

உரித்து மாட்டுங்கள், பேஸ்ட் புதிதாகத் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பணம் வாங்க வந்துவிடுவாள். இங்கேயே ஒரு முழு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். இழுக்காது. கையில் ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஆடுவாள், ஜெயிப்பாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் என்னோடு பேச மாட்டாள். அம்மாவும் பேச மாட்டார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவளிடம் நான் துரோகி என்று சொல்லுங்கள். கூடப்பிறந்தவளின் கையையே அவளுக்கு எதிராகத் திருப்பியவன் என்று சொல்லுங்கள். அலாரக் கடிகாரத்தைப் பற்றியும், தண்ணீர்ப் பாத்திரத்தைப் பற்றியும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உறையைத் தெரியாமல் விட்டுவிட்டான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.