முட்டை சூப்பும் அண்ணியின் மறதியும்

"அக்கா, இது சூப்பா சர்பத்தா?"

"உப்புதாண்டா போட்டேன். என் கையாலேயே அள்ளிப் போட்டேன்."

"அப்புறம் எப்படி இனிக்குது? சர்க்கரை டப்பாவைத் திறந்திருப்பே."

"எனக்கு உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியாதா? போடா, பெரிய இவன்."

சமையலறையில் என் கணவரும் அவருடைய அக்காவும், அதாவது என் அண்ணியும், இப்படிச் சண்டை போட்டபோது நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தலையிடவில்லை. அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும்.

இந்தச் சமையல் குழுவில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க, ஒரு வாரம் என்று சொல்லி வந்தவர். முதல் நாள் சாயங்காலமே பத்து நிமிடத்தில் முட்டை சூப் வைத்துவிட்டார். இஞ்சியும் மிளகும் கொதித்ததும் சோளமாவைக் கரைத்து ஊற்றி, அடுப்பைச் சின்னதாக்கி, அடித்த முட்டையை விடுவார். நூல் நூலாக இறங்கும். என் கணவர் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, "இருபத்தாறு வருஷமா இந்த வீட்டுல நான் என்னத்தைக் குடிச்சுக்கிட்டிருந்தேன்?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஒரு வாரம் ஒரு மாதமானது. தினமும் சூப். என் அடுப்பில் எனக்கு வேலை இல்லை. முட்டி வலியோடு அவர் நிற்கலாமா? ஓய்வு கொடுக்கத்தான் நினைத்தேன்.

அதனால் உப்பு டப்பாவில் பொடித்த சர்க்கரையை வைத்தேன். அவர் கிண்ணம் எடுக்கப் போனபோது திரும்ப உப்பை வைத்துவிட்டேன். சண்டை முடிந்ததும் அண்ணி டப்பாவைத் திறந்து நக்கிப் பார்த்தார். உப்பு கரித்தது. மறுபடியும் நக்கிப் பார்த்தார்.

மறுநாள் அவர் திரும்பிய நேரத்தில் அடுப்பைக் கொஞ்சம் கூட்டினேன். முட்டை கட்டி கட்டியாய்ப் போனது.

"நான் சின்னதாத்தானேம்மா வெச்சேன்?"

"நீங்கதான் கூட்டினீங்க அண்ணி. நான் பார்த்தேனே."

மெதுவாகத்தான் சொன்னேன். அதற்கடுத்த நாள் ஃபிரிட்ஜில் இருந்த முட்டைகளை அவருடைய துணிப்பைக்குள் வைத்தேன். உடையக்கூடாதே என்று துண்டில் சுற்றித்தான் வைத்தேன்.

முட்டை தன் பையில் கிடைத்ததும் அண்ணி பயந்துபோனார்; மறதிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். கிழமை கேட்டார், கணக்குக் கேட்டார். அண்ணி எல்லாம் சரியாகச் சொன்னார். அவர் வெளியே போனதும் டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

நான் வெளியே வந்து, "லேசா ஆரம்பம்தானாம் அண்ணி. அடுப்புப் பக்கம் மட்டும் போகக்கூடாதாம்" என்றேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னம்மா பண்ணியிருப்பேன்?" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போது அவர் தன் வீட்டிலும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. மகள் வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. நிம்மதியாக இருக்கிறார்.

பிரச்சினை எனக்குத்தான். கணவர் தினமும் அந்த சூப்பைக் கேட்கிறார். எனக்கு முட்டை நூலாக வரவே மாட்டேன் என்கிறது. அண்ணி சமைக்கும்போது நான் உப்பு டப்பாவையும் அடுப்புக் குமிழையும் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரிடமே போன் போட்டுக் கேட்டேன்.

"கிளறணுமா, கிளறக்கூடாதா... நிச்சயமா தெரியலையேம்மா. நீதானே பக்கத்துல நின்னு பார்த்தே?"

முட்டையை ஊற்றியதும் கிளற வேண்டுமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சீக்கிரம் எழுதினால் நல்லது. அண்ணியும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.