குக்கரும் கடைசி பஸ்ஸும்

"ஹலோ... ஆமா, மலை விடுதிதான். யாரு வேணும்?... அட, நீங்களா! நான்தாங்க பேசறேன். ஆமா, ஆமா, வந்து சேர்ந்துட்டேன். சொல்லுங்க."

மலைப்பாதையின் பாதித் தூரத்தில் இருக்கிற விடுதி அது. போன் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த விடுதிக்காரர் எடுக்கச் சொன்னதும், அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த அவள் முதுகுப்பையோடு ஓடி ரிசீவரைப் பிடித்தாள். மறுமுனையில் அவள் கணவர். காலையில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழ்வழியில் விறுவிறுவென்று இறங்கிப் போன அதே மகானுபாவர்.

"எங்கேருந்து பேசறீங்க?... பஸ் ஸ்டாப்பா?... ஓகோ. வீட்டுக்கு... சரி... சரி... கூடாரத்துணிய அங்க பெட்டிக்கடையில குடுத்துட்டுப் போறீங்க. நான் நடையை முடிச்சுட்டு வந்து வாங்கிக்கணும். கேக்குது, கேக்குது. இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?... ரொம்பப் பெரிய மனசு. துணி அங்க, கம்பி என்கிட்ட. இந்தக் கம்பிய வச்சு நான் என்ன பண்ண, கொடி கட்டித் துணி காயப் போடவா?"

சுமையைச் சரிபாதியாகப் பிரித்தவர் அவர்தான். மருந்துக்கடைக்காரர். கடைத் தராசிலேயே ஒவ்வொன்றாக நிறுத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக நறுக்கிப் பைக்குள் போட்டவர். கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனால் கூடாரமும் இரண்டாகப் போகும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

போனுக்கு மேலே பஸ் நேரம் எழுதிய அட்டை. அதற்குப் பக்கத்தில் கடிகாரம். பிற்பகல் மூன்று மணிக்கே கடைசி பஸ்; அது வர இன்னும் கால்மணி நேரம்கூட இல்லை.

டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். நேரம் முடிந்தது, நேரம் முடிந்தது என்று ஊரார் பேச்சையெல்லாம் நடுவில் நறுக்கியே சம்பளம் வாங்கினவள். இன்றைக்குத்தான் ஒரு பேச்சை இழுக்க வேண்டி வந்திருக்கிறது. பஸ்ஸுக்குள் போன் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பேசி முடித்து, போனைச் சட்டைப்பையில் போட்டு, அதன் பிறகுதான் படியில் கால் வைப்பார். ஆகவே பேச்சு முடியக் கூடாது.

"வைக்காதீங்க, வைக்காதீங்க! முட்டி எப்படி இருக்கு?... ரெண்டுமா, இடது மட்டுமா?... தைலம் தேச்சீங்களா?... அது சரி, ஊருக்கெல்லாம் வைத்தியம், தனக்குன்னா ஒரு சொட்டு தைலம் கிடையாது... இல்லைங்க, கிண்டல் இல்ல. கிண்டல் பண்ணுவேனா? உங்களையா?"

விடுதிக்காரர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவள் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"என்னது?... குக்கரா? இன்னும் அந்தக் குக்கரை விடலையா நீங்க?... ஆமா, நான்தான் வச்சேன். உங்க பையில, உங்க கம்பளிக்குள்ள சுத்தி வச்சேன். மூணு நாள் தூக்கினீங்களே, தெரிஞ்சுதா? வழியில பாத்தவங்ககிட்டல்லாம் என் பைதான் லேசு, என் பைதான் லேசுன்னு நிறுத்தி நிறுத்திச் சொன்னது யாரு?... வழியில கூட வந்த பொண்ணுங்க உங்க பையத் தூக்கிப் பாத்துட்டு ஒருத்தியை ஒருத்தி பாத்தாளுங்களே, அப்பவாவது சந்தேகம் வந்துச்சா?... சிரிச்சீங்கதானே இப்ப?... இல்ல, சிரிச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு."

நடந்தது இதுதான். உயரத்தில் ஏற ஏறச் சோறு வேகவில்லை. இரண்டு ராத்திரி அரிசியும் தண்ணீருமாக மென்றார்கள். மூன்றாம் நாள் அவள் பொறுக்க மாட்டாமல் அவர் பைக்குள் கையை விட்டுக் குட்டிக் குக்கரை வெளியே எடுத்தாள். மனுஷர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோபமெல்லாம் மறுநாள் காலையில்தான் வந்தது. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

"சாப்பிட்டது செரிக்கற வரைக்கும் கோவத்தைத் தள்ளி வச்சீங்க பாருங்க, அந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்!... ஏங்க, ஏங்க, கோவிக்காதீங்க. அங்க மழையா?... தூறலா? இங்க மூட்டமா இருக்கு. வழியில ஒரு குதிரை நின்னுச்சு, நீங்க பாத்திருந்தா... இல்ல, சும்மாதான், வெள்ளைக் குதிரை. அதுக்கும் உங்கள மாதிரியே நெத்தியில முடி கிடையாது..."

வாய் குதிரையைப் பற்றிப் பேசியது. கண் கடிகாரத்தில் இருந்தது. போன மாதம்தான் கடையைக் கைமாற்றினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் காலையில் போவார், இரவு வருவார். சோறு, கரண்ட் பில், பிள்ளைகள் படிப்பு என்று இவ்வளவுதான் இருவருக்குள்ளும் பேச்சு. இனி நாள் முழுக்க ஒரே வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். அதற்கு ஒரு வெள்ளோட்டமாகத்தான் இந்த நடைக்கு அவரை இழுத்து வந்தாள். வெள்ளோட்டத்திலேயே படகு கவிழ்ந்தால் அப்புறம் எதை நம்புவது?

போனில் ஒரு ஹாரன் கேட்டது. அட்டையில் போட்டிருந்த நேரத்துக்கு முன்னாலேயே பஸ் வந்து தொலைத்துவிட்டது.

"அப்புறம்... அப்புறம் வந்து... உங்க தங்கச்சி... இல்லைங்க, ஒரு நிமிஷம், முக்கியமான விஷயம்... அந்த... "

பிரேக் போடுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், யாரோ யாரிடமோ ஏதோ கேட்கிற சத்தம்.

"எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க இப்ப ஏறிட்டீங்கன்னா, வீட்டுலயும் நீங்க ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்லன்னு ஆயிடுமோன்னு பயமா இருக்கு. அதான் பேசிக்கிட்டே இருக்கேன். வேற ஒண்ணும் இல்ல. ஏறணும்னா ஏறுங்க."

கதவு சாத்தப்பட்டது. என்ஜின் உறுமி, சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹலோ?... ஹலோ... ஏங்க?...

"இருக்கீங்களா!... ஏறலையா?... டிரைவர் கேட்டாரா? என்ன சொன்னீங்க?... அடப்பாவி மனுஷா, பொண்டாட்டி இன்னும் பேசி முடிக்கலைன்னா சொன்னீங்க? சிரிச்சிருப்பாரே... என்னது? நான் பேச்சை இழுக்கறது தெரியுமா?... எப்பலேருந்து?... முட்டியைப் பத்திக் கேட்டப்பவேவா! பின்ன ஏங்க என்னை இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வத்த விட்டீங்க? குதிரை வரைக்கும் போக வச்சீங்களே!... ம்... ம்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார்; அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். விடுதிக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஓசைப்படாமல் வெளியே போனார்.

"இதுக்கா?... இதுக்கா காலையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க?... சரி, சரி, அழலை, நீங்க சொல்லுங்க... ம்... கடையில வர்றவங்ககிட்ட எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னான்னு பேசத் தெரியும். வீட்டுல என்கிட்ட பேச என்ன இருக்குன்னு பயம். அதானே?... மூணு நாள் நடந்ததுலயே சரக்கு தீர்ந்து போச்சா? இன்னும் இருபது வருஷத்துக்கு எங்க போறதுன்னா?... எனக்கும் அதே பயம்தாங்க. எனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அவள் குரலில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப ஒரு பஸ்ஸையே விட்டுட்டு, இவ்வளவு நேரமா நாம என்ன பேசினோம்?...

"முட்டியும் குதிரையுமா? அதுவா விஷயம்?... வேற?... வேற?...

"ஒண்ணும் இல்லைல்ல? அவ்வளவுதாங்க. இருபது வருஷத்துக்கும் இதேதான். இருட்டறதுக்குள்ள மேல வாங்க, மிச்சத்தை நேர்ல பேசுவோம். நான் வைக்கறேன்."