யாரு முழுங்கினது?

ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான்... ஆமா, ஆமா, ரெண்டு பேருகிட்டயும் சொல்றேன், அத்தை பிறந்தநாள் வாழ்த்து சொன்னாங்கன்னு... அக்கா, அது இருக்கட்டும். நீ ஆஸ்பத்திரியில டியூட்டியிலதானே இருக்க? குழந்தைங்க வார்டுலயா?... கொஞ்சம் தள்ளி வந்து பேசு.

... மெதுவாத்தான் பேச முடியும். பிள்ளைங்க அம்மா உள்ள தூங்கறா. நைட் ஷிஃப்ட் முடிச்சு காலையில எட்டு மணிக்குத்தான் வந்தா. அஞ்சு மணிக்குத்தானே பார்ட்டிக்குப் பிள்ளைங்க எல்லாம் வரும், அதுவரைக்கும் தூங்கட்டும்னு நான்தான்...

அக்கா, கேக்குல குத்துவாங்களே, பாட்டுப் பாடுற மெழுகுவத்தி. அதுல ஆளுக்கு ஒண்ணு வாங்கினேன்... ஆமா, ஒண்ணு மட்டும் வாங்கினா வீட்டை ரெண்டாக்கிடுவாங்களே. டப்பாவைத் திறந்ததும் ரெண்டும் பாட ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தத் தெரியல. இவ முழிச்சிடுவாளேன்னு அடியில திறந்து பேட்டரியைக் கழட்டினேன். எங்க வீட்ல எல்லா பொம்மைக்கும் அப்படித்தானே. குரைக்காத நாய், ஊதாத ரயில்னு நீகூட கிண்டல் பண்ணுவியே...

பட்டன் பேட்டரி, அக்கா. சட்டைப் பொத்தான் அளவு.

...

இரு, அக்கா, கத்தாத, சொல்றேன்.

ஒண்ணுதான் காணோம். ரெண்டையும் தட்டுல வெச்சிட்டு பலூன் கட்டப் போனேன். திரும்பி வந்தா ஒண்ணுதான் இருக்கு... பார்த்தேன். சோபாவைத் தள்ளிப் பார்த்தேன், பாயை உதறிப் பார்த்தேன்... பத்து நிமிஷம் இருக்கும்... பதினஞ்சு. திட்டு, அப்புறமா திட்டு.

ஆனா யாருன்னு தெரியல.

... தெரியலைன்னா தெரியலதான்! யாரு முழுங்கினதுன்னு கேட்டேன். நான்னு சொன்னான் குண்டு. உடனே சிட்டு, நான்தான்னு. நான் மொதல்லங்கறான் இவன். எனக்கு ரெண்டுங்கறா அவ. காணாமப் போனதே ஒண்ணுதான், அக்கா!... இல்ல, நான் சிரிக்கல. எனக்கு சிரிக்கிற மாதிரியா இருக்கு? இரட்டைப் பிள்ளைங்கன்னா இதான். யாருக்கு ஜுரம்னு கேட்டாக்கூட ரெண்டும் கையைத் தூக்கும்.

... வாந்தியா? எடுக்கல. விரலை விடப் போனேன்... விடல, விடல. சரி. கூடாது. தண்ணியும் வேண்டாம். சரி.

... அதுவா வெளிய வந்துடாதா? போன வருஷம் பாசிமணி முழுங்கினப்ப மறுநாளே வந்துச்சே...

... என்னது?

... தொண்டையில மாட்டிக்கிட்டு சுட்டுடுமா? உள்ளேயா?... எவ்வளவு நேரத்துல?

...

இருக்கேன். கேக்குது. ரெண்டு மணி நேரம்தானா?

... சரி. ரெண்டு பேரையும் தூக்கிட்டு வரேன். ரெண்டு பேருக்கும் எக்ஸ்ரே. சரி... மாடி வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு, இன்னைக்கு ஸ்கூல் லீவு, வீட்லதான் இருப்பாரு, இரு... சார்! சார், வண்டியை எடுங்க! ஆஸ்பத்திரிக்கு! குழந்தைக்கு!... வராரு. சட்டைகூடப் போடாம ஓடி வராரு.

... எழுப்பறதா? அக்கா, நான் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? அவ தூக்கம் கலையக் கூடாதுன்னுதானே நான்... ஆமா... ஆமா. எழுப்பறேன். ஏய்... இங்க பாரு... எழுந்திரு. எழுந்திருடி! மணி அஞ்சாகல, மூணுதான். பேட்டரியை முழுங்கிடுச்சு... யாருன்னு என்னைக் கேக்காத! நைட்டி பரவாயில்ல, செருப்பைப் போடு, அழாத, குழந்தைங்க பார்க்குது...

... தேனா? இருக்கு. சுடறதைக் கொஞ்சம் தடுக்குமா? ஒரு வயசு தாண்டின பிள்ளைன்னா குடுக்கலாமா?... ரெண்டு ஸ்பூன். அதுக்காக நேரத்தை விடக் கூடாது, சரி, சரி. குண்டு, ஆ காட்டு... குடிச்சிட்டான். இன்னும் வேணுமாம். சிட்டு, இந்தா, இது உன் பங்கு. வாயைத் திற, கண்ணு. தேன்டா, இனிக்கும்...

...

அக்கா.

... வாங்க மாட்டேங்கறா, அக்கா. பிடிவாதம் இல்ல, பிடிவாதம்னா எனக்குத் தெரியாதா? ஸ்பூனைத் தள்ளிட்டு, அவனுக்கே குடுங்கறா... ஆமா, நம்ம சிட்டுதான். பொறந்ததுலேந்து ஒரு பிஸ்கட் துண்டை விட்டுக் குடுத்திருப்பாளா இவ? அவனுக்கே குடுங்கறா, அக்கா... கழுத்தைப் பிடிச்சுக்கறா. எச்சில் வழியுது, முழுங்க மாட்டேங்கறா...

... சரி, வற்புறுத்தல. ஸ்பூனை வெச்சிட்டேன்.

... வேன் வந்துடுச்சு. இவ அம்மா குண்டைத் தூக்கிட்டா. அக்கா, நீ வாசல்ல வந்து நில்லு. வேற யாரையும் அனுப்பாத, நீயே நில்லு. முழுங்கினது சிட்டுன்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடு... வா, கண்ணு, அப்பாகிட்ட வா. சாயாத, நிமிர்ந்து உக்காரு... அக்கா, இவளைத் தூக்க ரெண்டு கையும் வேணும். வெச்சிடறேன்.