மீன்தொட்டியில் கவ்வாத்து

நானுஓயா ஸ்டேஷனில் கொழும்பிலிருந்து வரும் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் துரை பங்களாத் தோட்டக்காரர் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்:

"தொரசாணி கோச்சிய விட்டு எறங்குறதுக்கு முன்ன சொல்லிடுறேன். அவங்க மீன்தொட்டிச் செடிய கவ்வாத்து வெட்டிட்டேன்."

"தண்ணிக்குள்ள இருக்கிற செடியவா?"

"தேயில மாதிரி அடியில துளிர்க்கும்னு நெனச்சேன். கட்டையெல்லாம் அழுகிப்போச்சு."

"வெட்டுன நுனி?"

"குப்பையில போட்டேன்."

"ஐயோ! அந்த நுனியத்தாங்க திரும்ப மணல்ல ஊனணும். அதுதான் வேர் விடும். தொரசாணி சீமைக்குப் போறப்ப சொல்லிட்டுத்தானே போனாங்க!"

"யாருகிட்ட சொன்னாங்க?"

ரயில் வருவதற்கான கைகாட்டி இறங்கியது. நான் பேப்பரைப் புரட்டவே இல்லை. அந்தம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்டத்தான்," என்றார். "ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."