டிரெய்லருக்குப் பின்னால்

— எரிஞ்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

— எரிஞ்சுதுங்க. டீக்கடையில நீங்க உள்ள உட்கார்ந்து பிரேக்கை மிதிச்சீங்க, நான் டிரெய்லருக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன், ரெண்டு பக்கமும் எரிஞ்சுது. ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேப்பீங்க?

— சத்தியமா?

— லைட்டு எரியறதுக்கெல்லாம் யாராவது சத்தியம் பண்ணுவாங்களா? ரோட்டைப் பாருங்க. வளைவு வருது. மெதுவாப் போறோம்.

— வளைவு எனக்கும் தெரியுது. கேளு, வீட்டுல இருந்து கிளம்பினப்போ வாயே திறக்காம வந்தே. டீ குடிச்சதுல இருந்து பஸ் கண்டக்டர் மாதிரி ஆயிட்டே. வளைவு வருது, பள்ளம் வருது, பிரேக் போடறோம்...

— ஒரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஜீப்பை எடுத்திருக்கீங்க. பக்கத்துல இருக்கறவ நாலு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? இப்ப பிரேக் போடறீங்களா?

— லேசா. முன்னாடி லாரி.

— லேசா பிரேக்.

— அதான் நான் சொல்லிட்டேனே, நீ ஏன் திருப்பிச் சொல்றே?

— காதுல சரியா விழலைங்க. பின்னாடி ஜெனரேட்டர் அந்தக் குலுக்கு குலுக்குது.

— குலுங்குதா? நிறுத்தவா? டிரெய்லர் கொக்கிப் பின்னு மேல ஏறிடுச்சான்னு பார்க்கட்டுமா?

— ஏங்க! ஆறு கிலோமீட்டர் வர்றதுக்குள்ள நாலு தடவை இறங்கிப் பார்த்தாச்சு. பின்னு கொக்கிக்குள்ள இருக்கு. பின்னு கழண்டுடாம கிளிப் இருக்கு. அதுவும் கழண்டா டிரெய்லரைப் புடிச்சுக்க, சங்கிலி ரெண்டையும் குறுக்கே மாட்டியிருக்கீங்க. ஐஸ் கம்பெனியில கரண்ட் போய் மூணு மணி நேரமாச்சு. நாம போற வேகத்துக்கு ஐஸெல்லாம் தண்ணியாகி நம்மளைத் தேடி ரோட்டுக்கே வந்துடும்.

— எனக்குச் சிரிப்பு வரல.

— எனக்கும்தான் வரல. சும்மா சொல்லிப் பார்த்தேன்.

— அன்னிக்கு அந்தச் சங்கிலி மட்டும் இருந்திருந்தா...

— அதைக் கழட்டி கேட்டைப் பூட்டச் சொன்னது நான்தான். உங்க தம்பி பொண்டாட்டிகிட்ட அதைச் சொல்லி, அவ மடியில விழுந்து அழுது தீர்த்துட்டேன். நீங்கதான் எதையும் தீர்க்காம வெச்சிருக்கீங்க.

— உன்னைச் சொல்லலம்மா. பின்னு தொலைஞ்சு போச்சுன்னு போல்ட்டைச் சொருகினது நான். டிரெய்லர் பின் விளக்கு செத்து அப்பவே எட்டு மாசம், வயரை மாத்த ஒரு நாள் ஒதுக்க எனக்கு மனசு வரல. தம்பியைக் கூப்பிட்டு, 'நீ பைக்கை எடுத்துட்டுப் பின்னாடி வாடா, உன் பின் லைட்டைப் பார்த்து வர்றவன் ஒதுங்கிக்குவான்'னேன். விளக்குக்குப் பதிலா ஆளை வெச்சவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

— சரி விடுங்க. அவனும் வேணாம்னு சொல்லலையே. 'அண்ணன் ராஜா மாதிரி முன்னாடி போறாரு, நான் பட்டாளம் மாதிரி பின்னாடி போறேன்'னு கொண்டாட்டமாத்தானே கிளம்புவான்.

— எட்டு மாசம் அப்படி வந்தான். ஒரு நாள் கூட முணுமுணுக்கல.

— பள்ளம். பெரிய பள்ளம். மெதுவா.

— இந்தா, உன் பக்கத்துக் கண்ணாடியைப் பாரு.

— எதுக்கு?

— ஒத்தை விளக்கு. தெரியுதா?

— ரோடுன்னா நாலு வண்டி வரத்தான் செய்யும்.

— டீக்கடையில இருந்து வருது. நான் மெதுவாப் போனா அதுவும் மெதுவா வருது. மத்த வண்டியெல்லாம் நம்மளை முந்திக்கிட்டுப் போயிடுச்சு. இது மட்டும் முந்தல.

— அவசரமில்லாத ஆளா இருக்கும்.

— அந்த லைட்டு ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்மா. அவன் வண்டி லைட்டு மாதிரியே.

— இருட்டற நேரத்துல எல்லா லைட்டும் அப்படித்தான் தெரியும்.

— நான் எட்டு மாசம் கண்ணாடியில பார்த்த லைட்டு. எனக்குத் தெரியாதா? அவன் பைக்கு சின்னவ வீட்டு மூலையில துணி போர்த்திக் கிடக்கு. அப்ப இது யாரு?

— யாரோ. விடுங்க.

— ஷேவ் பண்ணக் கண்ணாடி முன்னாடி நின்னாக்கூடப் பின்னாடி யாராவது வர்றாங்களான்னுதான் பார்க்கறேன். பாதி மூஞ்சியிலயே எத்தனை நாள் விட்டுட்டு வந்திருக்கேன், உனக்குத் தெரியும்.

— தெரியும். நான்தானே மீதியை எடுத்து விட்டேன்.

— சின்னவ எப்படி இருக்கா? டீக்கடைக்கு எதிர் சந்துக்குள்ள போயிட்டு வந்தியே, பார்த்தியா அவளை?

— பார்த்தேன். நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டேன், வண்டியை விட்டு நகர மாட்டேன்னுட்டீங்க. தம்பி பொண்டாட்டி மூஞ்சியைப் பார்த்து ஒரு வருஷமாச்சு உங்களுக்கு.

— அவன் போட்டோவை மாட்டிட்டாளா?

— அவளைப் பத்தி இப்ப பேச வேணாங்க.

— மாட்டியிருக்க மாட்டா. எனக்குத் தெரியும். 'முன்னாடி போற வண்டியை ஒட்டிப் போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்காம என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரே, அவரு மூஞ்சியை நான் ஏன் செவுத்துல மாட்டணும்'னு கேட்டாளாமே. செத்தவன் மேல ஒரு வருஷமாக் கோவமா இருக்கா.

— பேச வேணாம்னு சொன்னேன்ல.

— விளக்கு கிட்ட வருது.

— கிட்ட வரக்கூடாது. தள்ளித்தான் வரணும்.

— யாருக்குச் சொல்றே?

— பொதுவாச் சொன்னேங்க.

— அவன் செத்த அந்த மேடு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல வந்துடும். அதுக்குத்தான் வர்றான். அங்க வெச்சு என்னைக் கேக்கத்தான் வர்றான்.

— ஏங்க, ஏன் ஆக்சிலேட்டரை இப்படி மிதிக்கறீங்க?

— விடமாட்டேங்கறானே! நானும் போறேன், அவனும் வர்றானே!

— டிரெய்லர் ஆடுதுங்க! ரெண்டு பக்கமும் அலையுது! ஜீப்பையே இழுக்குது!

— ஐயோ...

— பிரேக்கை மிதிச்சிடாதீங்க! நீங்கதானே சொல்லுவீங்க, ஆடறப்போ மிதிச்சா மடங்கிடும்னு. காலை மட்டும் எடுங்க. ஸ்டியரிங்கை நேராப் புடிங்க, திருப்பாதீங்க. அப்படித்தான். அடங்குது. அடங்கிடுச்சு. ஒண்ணும் ஆகல. நாங்க நல்லா இருக்கோம்.

— ஹாரன். கேட்டுதா?

— கேட்டுது.

— உனக்கும் கேட்டுதா?

— கேட்டுதுங்க. நிஜ ஹாரன்தான். வண்டி ஆடினதைப் பார்த்துப் பயந்து அடிச்சிருப்பாங்க.

— அன்னிக்கும் கேட்டுதும்மா.

— என்னது?

— எனக்கு ஒண்ணுமே கேக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல. பொய். கேட்டுது.

— ஏங்க, வேணாம். இப்ப வேணாம். எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— நீட்டி நீட்டி மூணு தடவை. மூணு அடிச்சா நிறுத்துன்னு அர்த்தம், நாங்களே பேசி வெச்சுக்கிட்டது. போல்ட்டு மேல எழும்பறதை அவன் பார்த்திருக்கான்.

— ஐயோ, கொஞ்சம் வாயை மூடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— ஒரு வருஷம் மூடியாச்சு, இனிமே முடியல. நான் நிறுத்தல. 'துரைக்கு டீ கேக்குது போல, மேட்டைத் தாண்டிப் பார்த்துக்கலாம்'னு நெனச்சேன். கண்ணாடியில லைட்டு பெருசாச்சு. பெருசாயிட்டே வந்துது. அப்பவும் நிறுத்தல. பாதி மேடு ஏறியிருப்பேன், வண்டி திடீர்னு லேசாச்சு. டிரெய்லர் கழண்டு அவன் மேல உருண்டுட்டு இருக்கு, நான் என்னடான்னா, பரவாயில்லையே, இன்னிக்கு இஞ்சின் நல்லா இழுக்குதேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துதும்மா. சந்தோஷமா.

— கடவுளே.

— போலீஸ்காரர் 'ஹாரன் கீரன் அடிச்சானா'ன்னார். இல்லைன்னேன். 'எவ்வளவு தூரத்துல வந்தான்'னார். 'ரொம்ப ஒட்டி வந்தான் சார்'னேன். அதையே எழுதிக்கிட்டார். அதையே ஊரும் சொல்லுது. அதை நம்பிக்கிட்டு அவளும்... சொல்லிடலாம்னு அந்தச் சந்து வரைக்கும் நாலு தடவை போனேன். கால் உள்ள போகல.

— நிறுத்துங்க. மேட்டுக்கு முன்னாடியே, இங்கயே, சமதரையில. ஓரம் கட்டறோம். பிரேக் போடறோம். நல்லா தள்ளி நில்லு. நின்னாச்சு.

— யாரைம்மா நில்லுங்கறே? யாருக்குச் சொல்லிக்கிட்டே வர்றே இதையெல்லாம்?

— என்னை நாலு அறை கூட அறைஞ்சுடுங்க. டீக்கடையில பின் விளக்கு எரியல.

— எரிஞ்சுதுன்னியே!

— பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னா அங்கயே சாவியைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார்ந்துடுவீங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் வண்டியைத் தொடமாட்டீங்க. உங்களை வண்டியில ஏத்தறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அதனால சந்துக்குள்ள ஓடிப்போய்ச் சின்னவளைக் கூப்பிட்டேன்.

— அவளையா?

— அந்த பைக்கைச் சரி பண்ணி, அதுலதான் அவ ஆறு மாசமா வேலைக்குப் போயிட்டு வர்றா. மூலையிலயும் கிடக்கல, துணியும் போர்த்தல. 'ஐஸ் கம்பெனி வரைக்கும் பின்னாடி வா, தள்ளியே வா, பிரேக் போடறப்போ ஃபோன்ல சொல்றேன்'னேன். மறுபேச்சு பேசாம வந்தா.

— அப்ப அந்த விளக்கு...

— அவதாங்க.

— மறுபடியும் ஆளை வெச்சியா? விளக்குக்குப் பதிலா மறுபடியும் ஆளையா? அதுவும் அவளையா?

— நான் பண்ணினது என்னன்னு எனக்குத் தெரியுதுங்க. வண்டி ஆடினப்போ என் உசுரு என்கிட்ட இல்ல.

— ஃபோன்ல எப்போ பேசினே? நான் பார்க்கவே இல்லையே.

— மடியில, முந்தானைக்குள்ள இருக்கு. டீக்கடையில இருந்து லைனை நான் கட் பண்ணவே இல்ல.

— நான் பேசினதெல்லாம்...

— ஆரம்பத்துலயே அணைச்சிடணும்னு விரல் போச்சுங்க. அணைச்சுட்டா நாம பிரேக் போடறது அவளுக்குத் தெரியாதே. எப்படி அணைக்கறது?

— பின்னாடி நிக்கறாளா?

— நிக்கறா. இன்னும் வண்டியை விட்டு இறங்கல. ஏதோ சொல்றா. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்.

— சின்னவளே... அம்மா... கேக்குதா?

— மாமா, அப்ப அவரு ஒட்டி வந்தது உங்களை நிறுத்தத்தானா?